நாலாவது கொடிக்கு அடுத்த இடம்

மாமர நிழலில் பதினொரு கார்த்திகைப்பூக் கொடிகள், இரண்டு முழத்துக்கு ஒன்றாக, நூல் பிடித்ததுபோல் முளைத்து நின்றன. நாலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் மட்டும் ஒன்றுக்கு இடம் விட்ட வெறும் மண். மாமி அதில் தண்ணீர்கூட ஊற்றமாட்டார்.

மயிலிட்டிக்கு மருமகளாக வாழ வந்து மூன்று மாதமாகத் தனுஷாவுக்கு அது கண்ணை உறுத்தியது. தாவரவியல் படித்தவளல்லவா? மாமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அலவாங்குக் கம்பியை மண்ணில் இறக்கினாள். ஒரு சாணில் ஏதோ கல் தட்டியது.

"உதிலை என்ன பிள்ளை செய்யிறாய்?" வேலிப் படலையடியில், கோயிலிலிருந்து திரும்பிய மாமி.

"கார்த்திகைப்பூக் கிழங்கு நடப்போறன்."

"வேண்டாமெண்டெல்லே சொன்னனான்."

"ஏன், பேய் படுத்திருக்கோ? படிச்சவளுக்கு உந்தக் கதையள் விடாதேங்கோ மாமி. நிரை பாத்து நட்ட உங்களுக்கு உது மட்டும் என்ன?"

மாமி கிட்ட வரவில்லை. குரல் தணிந்தது.

"நிரை நான் பாக்கேல்லை. கண்ணிவெடி எடுத்த பெடியள் கிண்டின கிடங்குகள் உதுகள். மண் இளகிக் கிடந்துது, கிழங்கை வைச்சன். உந்த இடத்திலை அவங்கள் ஒண்டும் காணேல்லை."

"பிறகென்ன?"

"போன மாரிக்கு மண் கரைஞ்சு வெடி ஒண்டின்ரை விளிம்பு தெரிஞ்சுது. நான்தான் திரும்ப மூடினன். சொன்னால் ஆமிக்காரர் திரும்பவும் காணியை அடைச்சுப்போடுவாங்கள். இருபத்தேழு வருசம் அகதி முகாமிலை கிடந்தனான் பிள்ளை."

தனுஷா அலவாங்கிலிருந்து கையை எடுக்கவுமில்லை, அசைக்கவுமில்லை.