நாலரையும் நாலரையும்

இருட்டியதும் வாசல் கதவில் கிறீச்சென்று ஒரு சத்தம். "ரீகன் அண்ணன் வந்துட்டாரு!" என்று துள்ளியது தாழ்ப்பாள்.

"காத்துடா," என்றது சுவர்க் கடிகாரம்.

"'போயிட்டு வரேன்'னுதானே காலையில சொன்னாரு? தோஹா மூவாயிரம் கிலோமீட்டராம். விமானத்துல போக நாலரை மணி நேரம், வர நாலரை. இந்நேரம் வந்திருக்கணுமே!"

அதனால்தான் ரீகன் மனைவி பெனிட்டா கதவைப் பூட்ட எத்தனை முறை தள்ளியும் தாழ்ப்பாள் அசையாமல் முரண்டு பிடித்தது.

"போறதுக்குத்தான் நாலரை மணி நேரம். வேலைக்குப் போனவரு திரும்பி வர்றதுக்கு ரெண்டு வருஷம்," என்றது கடிகாரம்.



மறுபடி கிறீச். கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு பெனிட்டா ஓடி வந்தாள். அவள் விரல்கள் பட்டதுமே, தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நழுவிப் போய்க் கதவை உள்ளிருந்து இறுகப் பிடித்துக்கொண்டது.