குண்டான் யார் தலையில்

மலையைச் சுற்றி நடக்கக் கிளம்பும்போதே எங்கள் எலக்ட்ரீஷியன் நண்பன் சட்டம் போட்டான்: யார் முதலில் புலம்புகிறாரோ, சமையல் குண்டான் கடைசிவரை அவர் தலையில். கூட வந்த டீச்சரும் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தோம்.

மறுநாள் ஏற்றத்தில், அதுவரை மாற்றி மாற்றிச் சுமந்த குண்டானைப் பாறைமேல் இறக்கிவிட்டு மூச்சு வாங்கியபோது, பின்னாலிருந்து ஒரு குரல்: "தோள் போச்சுப்பா!"

"மாட்டுனியா! குண்டான் உனக்குத்தான்!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்திவிட்டுத் திரும்பினோம். பின்னால் யாருமே இல்லை. குண்டானையும் காணோம்.

கூடாரம் போடும் இடத்துக்கு எங்களுக்கு முன்பே அது வந்திருந்தது, வெந்நீரோடு. யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் அதுவும் புலம்பலாகிவிடும். பிறகு தினமும் அப்படியே.

ஊர் திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்: "குண்டானோட பின்னாடி நிக்கிறவரு உங்க ஆளா? ஒரே புலம்பல். ஆனா உங்க ஸ்டாப்புக்குத்தான் டிக்கெட் கேக்குறாரு."