நாலு மடங்கு வீடு

"வீடு ஜெயில் மாதிரி இருக்குன்னு புலம்புனியே, இப்பப் பாரு!" கணவன் புது வீட்டுக் கூடத்தில் நின்று கையை விரித்துக் காட்டினான். "பழைய பிளானையே நீளத்துலயும் அகலத்துலயும் ரெண்டு மடங்காக்கச் சொல்லிட்டேன். எஞ்சினியர் என்னென்னமோ யோசனை சொன்னார். நான் காதுலயே போட்டுக்கல. எல்லாமே டபுள்!"

மகள் அம்மாவிடம் கேட்டாள்.

"அப்போ இடமும் ரெண்டு மடங்காம்மா?"

"இல்லடி. சுத்துச்சுவர்தான் ரெண்டு மடங்கு. இடம் நாலு மடங்கு." கல்யாணத்துக்கு முன்பு அவள் கணக்கு டீச்சர்.

"அப்போ பெருக்கித் துடைக்கறதும் நாலு மடங்கு!" கணவன் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினான். வழக்கம்போல வெளியே பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும் அவள் ஜன்னலுக்குப் போனாள். பழைய வீட்டில் கம்பிக் கட்டத்துக்குள் தலையை விட்டுப் பார்த்து, காது புண்ணானதுதான் மிச்சம். இங்கே அந்தக் கட்டமும் நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு.

முதலில் மகளை வெளியே இறக்கினாள். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு தானும் நுழைந்தாள். தலை, தோள், இடுப்பு.

"எங்கம்மா போறோம்?"

"முதல்ல இந்தத் தெருவைத் தாண்டுவோம், வா."