துணைக்கு வருகிறவள்

பிரசவப் பயிற்சி வகுப்பில் சேர, ஒக்கலிபுரத்திலிருந்து போன் செய்தாள் நிருபமா.

“அம்மாவும் நானும் வர்றோம் மேடம். ஏழாம் மாசம் நடக்குது.”

“வீட்டுக்காரர் வரலையா?” என்று கேட்டார் அல்போன்சா டீச்சர்.

“ஊர் சிரிக்கும்னு கூச்சப்படுறார்.”

இந்தக் காலத்திலும் இப்படி ஒருவனா என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட வரும் அம்மாவாவது பழங்கதை சொல்லிப் பெண்ணைப் பயமுறுத்தாமல் இருக்கவேண்டுமே.

சனிக்கிழமை, தோளில் காலேஜ் பையோடு ஒல்லியாக நுழைந்தாள் நிருபமா. அவளுக்குப் பின்னால், கை நிறையக் கண்ணாடி வளையலும் முந்தானையால் மூடிய வயிறுமாக அவள் அம்மா தயங்கி நின்றாள்.

“இந்த வயசுல வளைகாப்பு வேண்டாம்னாங்க. நானே வளையல் போட்டுவிட்டேன்,” என்றாள் நிருபமா. “அப்பா வாசல்ல ஸ்கூட்டரை விட்டு இறங்கமாட்டேங்கிறார். அடுத்த வாரம் அவரையும் உள்ளே கூட்டிட்டு வந்துடுறேன்.”