சிறகை விரித்தால் பருந்து

செவளைக் கோழிக்குக் காது கேட்காது. முகாம் போட்ட வாத்து டாக்டர், "வீட்டுக்காரங்க எல்லாம் வெளியே நில்லுங்க" என்று அதன் சேவலை வேலிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, செவளைக்கு மட்டும் சைகை கற்றுக்கொடுத்தது. இரண்டு சிறகையும் விரித்துக் காட்டினால் பருந்து வருகிறது என்று அர்த்தம்.

மறுநாளே பருந்து வந்தது. சேவல் தொண்டை கிழியக் கத்தியது. செவளை பாட்டுக்குக் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. நிழல் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தது. அதற்குள் ஒரு குஞ்சு போய்விட்டது.

விசாரிக்க வந்த வாத்து, "பாடம் மறந்துபோச்சா? நாளைக்கு மறுபடி வா" என்று சைகை காட்டியது.

"மறக்கலை டாக்டரம்மா," என்றது செவளை. "நீங்க விரிச்சா எனக்கு நல்லாப் புரியுது. ஆனா பருந்து வந்தப்போ பக்கத்துல இருந்தது இவருதான். இவருக்குக் கத்தத்தானே தெரியும்?"