முன்வரிசைச் சிரிப்பு

முன்வரிசையில் இருந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாஜ்னீன் இன்னும் ஜோக்கையே சொல்லவில்லை.

"ஊட்டியில தண்ணி நூறு டிகிரி வரைக்கும் காத்திருக்காதுங்க, தொண்ணூத்தி மூணுலயே கொதிச்சிடும்" என்று சொல்லி மூச்சு வாங்க நிறுத்தியிருந்தாள். அவ்வளவுதான். பருப்பு வேகாததற்கு மருமகளைத் திட்டும் மாமியார் காற்றழுத்தத்தை ஏன் திட்டுவதில்லை என்பதுதான் ஜோக். அது இனிமேல்தான் வரவேண்டும்.

நாஜ்னீன் ஊட்டியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் மேடையேறி, வெள்ளைப் பலகையில் கார்ட்டூன் வரைந்தபடியே அறிவியலை வேடிக்கையாகச் சொல்வாள். சினிமா ஹீரோ ஒரே உதையில் பத்துப் பேரைப் பறக்கவிட்டால், நியூட்டன் கணக்குப்படி ஹீரோவும் பின்பக்கமாகப் பறந்து மேட்டுப்பாளையத்தில் போய் விழவேண்டும் என்பாள். விழுவதை வரைந்தும் காட்டுவாள்.

போனில் அவள் வீடியோக்களை நிறையப் பேர் பார்த்துச் சிரித்தார்கள். மேடையில்தான் எடுபடவில்லை. போன மாதம் கேத்தியில் எல்லோரும் கைகட்டிப் பாடம் கேட்டார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, இது பரீட்சைக்கு வருமா என்று கேட்டார்.

இன்று குன்னூர். ஏற்பாடு செய்த ராஜசேகர், இதுவும் படுத்துவிட்டால் அடுத்த மாதம் மேஜிக் ஷோதான் என்று முன்பே சொல்லிவிட்டார். இந்த நேரத்தில் பார்த்து இப்படி ஓர் ஆள்.

வயது அறுபதுக்கு மேல் இருக்கும். குரங்குக் குல்லாய், பழைய ஸ்வெட்டர், பக்கத்தில் மனைவி. அவர் சிரிக்கிற விதத்தைப் பார்த்துப் பின்வரிசைகளும் மெல்லச் சிரிக்க ஆரம்பித்திருந்தன.

நாஜ்னீன் பலகையில் ஒரு குப்பைத்தொட்டியும் அதற்குள் ஒரு கரடியும் வரைந்தாள்.

"குவாண்டம் தியரி என்ன சொல்லுதுன்னா, மூடியைத் திறக்கிற வரைக்கும் கரடி உள்ள இருக்கு, இல்லாமலும் இருக்கு. திறந்த பிறகு நீங்க இருக்கீங்க, இல்லாமலும் இருக்கீங்க."

குன்னூர்க்காரர்களுக்குக் கரடியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? குல்லாய்க்காரர் தொடங்கிவைக்க, கூடமே சேர்ந்துகொண்டது. நாஜ்னீனுக்குத் தெம்பு வந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

அதற்கும் அவர் சிரித்தார். தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அதைப் பார்த்துக் கூட்டம் சிரித்த சிரிப்பு, கரடிக்குச் சிரித்ததைவிடப் பெரியது. நாஜ்னீனுக்குச் சுருக்கென்றது. குடித்துவிட்டு வந்திருக்கிறாரா? இல்லை, வேண்டுமென்றே கேலி செய்கிறாரா? வாயை அடைத்தால்தான் சரிப்படும் என்று தோன்றியது.

"எதிரொலின்னா என்னங்க? நாம சத்தம் போட்டா திரும்பி வர்றது" என்றவள், அவரை நோக்கி விரலை நீட்டினாள். "இங்க ஓர் ஐயா இருக்காருங்க. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாலயே இவர்கிட்ட இருந்து எதிரொலி வந்துடுது. காலிப் பாத்திரம்தான் இப்படி எதிரொலிக்கும். நான் சொல்லலை, இயற்பியல் சொல்லுது."

கூடம் அதிர்ந்தது. அன்றைக்கு அதுதான் பெரிய ஜோக். அதற்கும் அவர்தான் முதலில் சிரித்தார். எழுந்து நின்று கைகூடத் தட்டினார். பக்கத்திலிருந்த மனைவி மட்டும் குனிந்து பைக்குள் எதையோ தேடினாள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ராஜசேகர் ஓடிவந்து, அடுத்த மாதமும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். நாஜ்னீன் மார்க்கர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் அருகில் வந்தாள். அவர் சற்றுத் தள்ளி, பலகையிலிருந்த கரடியை ரசித்தபடி நின்றிருந்தார்.

தன் பெயர் தெய்வம்மா என்றாள். கணவர் பெயர் தங்கையா. முப்பது வருஷம் டீ ஃபேக்டரியில் மெஷின் பக்கத்திலேயே வேலை.

"அந்த இரைச்சல்ல காது போயிடுச்சுங்க டீச்சர். இப்ப இடி விழுந்தாலும் கேக்காது. நாங்க கைஜாடைதான்."

நாஜ்னீனின் கை அப்படியே நின்றுவிட்டது. "அப்ப எப்படிச் சிரிச்சாரு?"

"நீங்க பேச்சை நிறுத்திட்டு நிமிர்ந்து பாத்தா அது சிரிக்கிற எடம்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்." தெய்வம்மா தயங்கினாள். "கேத்திக்கும் நாங்க வந்திருந்தோம். யாருமே சிரிக்கலை, உங்க முகம் வாடிப்போச்சு. பஸ்ல வர்றப்ப அதைச் சொல்லி நான் வருத்தப்பட்டேன். ஒருத்தர் ஆரம்பிச்சா மத்தவங்களுக்குக் கூச்சம் விட்டுடும், அடுத்த தடவ நான் ஆரம்பிக்கிறேன்னாரு. தண்ணி குடிக்க நிறுத்துவீங்கன்னு ரெண்டு பேருமே நெனைக்கலை. மனசுல வெச்சுக்காதீங்க."

நாஜ்னீன் மார்க்கரைக் கீழே வைத்தாள். "அம்மா, நான் அவரை மேடையில…"

அதற்குள் தங்கையா வந்துவிட்டார். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாகக் கும்பிட்டார்.

தெய்வம்மா அவருக்குத் தன் முகம் தெரியாதபடி திரும்பி அவசரமாகச் சொன்னாள். "விரலை நீட்டி என்ன சொன்னாங்கன்னு கேட்டாருங்க. இந்த ஐயாவாலதான் இன்னைக்கு ஷோவே நடந்துச்சுன்னு எல்லார் முன்னாடியும் நீங்க பாராட்டினதாச் சொல்லிட்டேன். கொஞ்சம் சிரிச்ச முகமா இருங்க, டீச்சர்."