வேலியோரத்து ஆவாரை

மகள் சாராவின் மூச்சிழுப்புக்குப் பார்த்தீனியம்தான் காரணம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து ஸ்டான்லி, டியூட்டி முடிந்ததும் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸைச் சுற்றிப் பூத்து நின்ற அந்தச் செடியைப் பிடுங்கி, ஆவாரை நட்டான்.

"இவ்வளவு பிடுங்கியும் இழுப்பு நிக்கலையேங்க" என்று அழுத மனைவி லோயிஸ், சாராவோடு செகந்திராபாத்திலுள்ள அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கே குழந்தை நிம்மதியாகத் தூங்கியது.

ஞாயிறன்று கடைசிப் புதரையும் பிடுங்கிய கையோடு ஸ்டான்லி பஸ் ஏறினான். ஓடிவந்த சாரா அவன் தோளில் முகம் புதைத்தாள்.

"வீட்டுக்குப் போலாம்டா. ஒரு செடிகூட இல்ல."

அவள் நெஞ்சு கீச்சிட்டது.

லோயிஸ் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு அவன் சட்டையையே பார்த்தாள். மடிப்பெல்லாம் பார்த்தீனியத்தின் வெள்ளைப் பூந்தூள்.

"தினமும் இப்படியேதானே தூக்குவீங்க…"

"நக்கோ ஜாவ், டாடி!" போகாதே என்று கைநீட்டினாள் சாரா.

ஸ்டான்லி வாசல்வரை பின்வாங்கியிருந்தான்.